சமைக்காத உணவும் மார்கழிக் குளிரும்: உடம்பு சில்லிடாமல், பல் கூசாமல் சாப்பிடும் முறை

அடுப்பில்லா உணவுக்கு மாறியவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். கை கால் சில்லென்று கிடக்கிறது, மின்விசிறிக் காற்றே தாங்கவில்லை என்பது ஒன்று. தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது என்பது மற்றொன்று. ஒன்றுக்கு ஸ்வெட்டரும் இன்னொன்றுக்குக் கூச்சம் போக்கும் பற்பசையும் வாங்கிவிட்டு, அதே தட்டைத் தொடர்கிறார்கள்.

கோளாறு தட்டில்தான் இருக்கிறது. பழமும் வெள்ளரியும் அதிகம். தேங்காய், கடலை, எள், பயறு குறைவு. பழத்தில் பெரும்பங்கு தண்ணீர். வயிறு நிறையும், கலோரி சேராது, உடம்பு குளிரும். இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும், திரும்பவும் பழம். இப்படிக் காலை முதல் இரவு வரை வாய்க்குள் புளிப்பும் சர்க்கரையும் போய்க்கொண்டே இருந்தால் பல் கரையாமல் என்ன செய்யும்? ஆகவே தட்டைச் சரிசெய்தால் இரண்டு குறையிலும் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் வெந்நீரும் பல்துலக்கும் நேரமும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், உடல் மெலிந்த முதியவர்கள் முழுக்கச் சமைக்காத உணவுக்குப் போக வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பேரீச்சையும் வாழைப்பழமுமாக மாறினால், சர்க்கரை ஏறவும் செய்யும், திடீரென்று இறங்கவும் செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியமே ஆபத்து.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கணக்கு

உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1660 கலோரி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. ஒரு கிலோ பப்பாளியில் சுமார் 400 கலோரிதான். தர்பூசணியில் 300. வெள்ளரிக்காயில் 150. பழத்தை மட்டும் நம்பினால் ஆண் ஒருவர் ஐந்து கிலோவுக்கு மேல் பப்பாளி தின்றாக வேண்டும். யாரும் தின்பதில்லை, பாதியில் நிறுத்திவிட்டு, "வயிறு நிறைந்துவிட்டது" என்கிறார்கள்.

100 கிராமுக்கு எதில் எவ்வளவு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தேங்காய் 350, நிலக்கடலை 570, எள் 570, பேரீச்சை 280, உலர்ந்த பச்சைப்பயறு 340, வாழைப்பழம் 90 முதல் 110. முளைகட்டினால் கலோரி கூடாது. 50 கிராம் பயறு ஊறி முளைத்துக் கிண்ணம் நிறைய வந்தாலும், உள்ளே இருப்பது அதே 170 கலோரிதான். கூடியது தண்ணீர். புதியவர்கள் ஏமாறுவது இந்தக் கிண்ணத்தில்தான்.

சாப்பாடு போதாதபோது உடம்பு செலவைக் குறைக்கிறது. தைராய்டு இயக்குநீரில் வேலை செய்யும் வடிவமான டி3 இறங்குகிறது, தோலுக்கும் விரல்நுனிக்கும் போகும் ரத்தம் குறைகிறது, தோலுக்கடியில் இருந்த கொழுப்புப் போர்வையும் கரைகிறது. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினர், பல ஆண்டுகளாகப் பச்சையாகவே உண்டுவந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் சராசரியாகப் 10 கிலோ, பெண்கள் 12 கிலோ எடை இழந்திருந்தார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தது அல்லது நின்றேபோயிருந்தது. எடை குறைவதை எல்லாரும் பாராட்டுவார்கள். விலக்கு நின்றதை யாரும் கேட்கமாட்டார்கள். குளிர் தாங்காமையோடு அதுவும் சேர்ந்து வந்தால், கழிவு வெளியேறுகிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது பட்டினிக்கு உடம்பு காட்டும் அடையாளம்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று கிராமத்தில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். நம் வீடுகளில் சூடு என்று சொல்லும் எள், நிலக்கடலை, பேரீச்சை எல்லாம் கலோரி கனத்தவை. வெள்ளரி, தர்பூசணி, இளநீர் போன்ற குளிர்ச்சிப் பொருள்கள் நீர்த்தவை. பப்பாளியும் மாம்பழமும் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை என்றாலும், மார்கழித் தட்டுக்கு இந்தப் பழைய பிரிவினை மோசமான வழிகாட்டி இல்லை.

மூன்று வேளைத் தட்டு

நாள் முழுக்கக் கொறிப்பதை விட்டு மூன்று வேளையாக உட்காருங்கள். கீழே உள்ளது சுமார் 2000 கலோரிக்கான அளவு.

காலை எட்டு மணி: தேங்காய்த் துருவல் 80 கிராம், பூவன் பழம் 4, பேரீச்சை 4.

மதியம் ஒரு மணி: 50 கிராம் பச்சைப்பயற்றை முளைகட்டியது, 40 கிராம் நிலக்கடலையை ஊறவைத்தது, தேங்காய் 40 கிராம், துருவிய கேரட், பீட்ரூட், வெள்ளரி, தக்காளி எல்லாம் சேர்த்து கால் கிலோ, ஒரு கொய்யா. மேலே இஞ்சி, மிளகு, அயோடின் கலந்த உப்பு.

மாலை ஆறரை: தேங்காய்ப்பாலில் ஊறிய அவல் 60 கிராம், 30 கிராம் எள்ளும் 40 கிராம் பேரீச்சையும் இடித்த உருண்டை, பப்பாளி 200 கிராம்.

பெண்கள் அவலையும் மதியத் தேங்காயையும் விட்டால் அவர்கள் அளவு வந்துவிடும். நெல்லை ஊறவைத்து வறுத்துத்தான் அவல் இடிக்கிறார்கள் என்பதால், சுத்தப் பச்சை உணவுக்காரர்கள் அதை ஒப்பமாட்டார்கள். அவர்கள் நேந்திரம் பழமோ கூடுதல் தேங்காயோ வைத்துக்கொள்ளலாம்.

தேங்காயையும் கடலையையும் முதல் நாளே முழு அளவில் வைத்தால் வயிறு கழியும் அல்லது உப்பும். மூன்று நாளைக்கு ஒருமுறை 20 கிராம் வீதம் கூட்டுங்கள். எள்ளை முழுதாக விழுங்கினால் போன வழியே வெளியே வரும். அம்மியிலோ மிக்சியிலோ உடைத்தால்தான் பலன். கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, சுருங்கியதையும் கறுத்ததையும் பூசணம் பிடித்ததையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூசணத்தில் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு இருக்கலாம். கழுவினாலும் ஊறவைத்தாலும் அது போகாது.

பச்சையாகத் தொடவே கூடாதவை: ராஜ்மா, மொச்சை, சோயா, மரவள்ளிக்கிழங்கு, சேனை, சேப்பங்கிழங்கு. ராஜ்மாவை முளைகட்டினாலும் அதன் நஞ்சு முறியாது. நாலைந்து கொட்டையே வாந்தியில் படுக்கவைக்கும். மரவள்ளியில் சயனைடு இருக்கிறது. இவற்றை வேகவைத்துத் தின்ன மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் பயறு முளைக்காமல் அடம்பிடிக்கும். சென்னையில் ஒரே இரவில் வால் விடும் பயறு, ஊட்டியில் ஒன்றரை நாள் எடுக்கும். அதற்குள் கொழகொழவென்று நாற்றம் பிடித்துவிடும். இதற்கு வழி: வெதுவெதுப்பான நீரில் எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, வெந்நீர் ஊற்றிக் கொட்டிய ஹாட்பாக்கில் வைத்து மூடுங்கள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். அரை அங்குல முளை வந்ததும் தின்றுவிடலாம். முளைக்கு வேண்டிய அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடிக்கும் என்பதால், நாற்றமோ வழவழப்போ தெரிந்தால் தயங்காமல் கொட்டுங்கள்.

வேகாமல் சூடாக்குவது

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு கிலோ பழத்தை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர உடம்புக்கு 30 கலோரிகூடச் செலவாகாது. அரைப் பூவன் பழத்தில் அது வந்துவிடும். ஆகவே சில்லிட்ட பழம் உடம்பின் சூட்டைத் தின்றுவிடுகிறது என்பது மிகை. ஆனால் தொண்டையும் வயிறும் அந்தச் சில்லிப்பை உணரும், கூசும் பல்லோ துள்ளும். முதல் நாள் இரவே பழத்தை வெளியே எடுத்து வையுங்கள், அது போதும்.

பச்சை உணவுக்காரர்கள் பொதுவாக 45 முதல் 48 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் உணவிலுள்ள நொதி (என்சைம்) சாகும் என்பது அவர்கள் காரணம். இரைப்பை அமிலத்தில் அந்த நொதிகளில் பெரும்பாலானவை எப்படியும் சிதைந்துவிடும் என்பதால் இரண்டு டிகிரி கூடினதற்கு வருந்தத் தேவையில்லை. வாய்க்கு இதமான சூடும் அதுதான் என்பதால் அந்த எண்ணை வைத்துக்கொள்வோம்.

வெப்பமானி இல்லாமலே அந்தச் சூட்டைக் கொண்டுவரலாம். சமவெளியில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி இருக்கும். அதில் நாலு டம்ளருக்குக் கொதிக்கும் நீர் ஒரு டம்ளர் ஊற்றினால் 44 டிகிரி. ஊட்டியில் கணக்கே வேறு. 2240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குழாய் நீரும் 15 டிகிரிதான். அங்கே இரண்டு டம்ளருக்கு ஒன்று ஊற்றினால்தான் 41 வரும். விரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், ஆனால் எடுத்துவிடத் தோன்றக் கூடாது.

இப்படிக் கலந்த நீரை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, உணவுக் கிண்ணத்தை அதற்குள் பத்து நிமிடம் உட்காரவைத்து, நடுநடுவே கிளறுங்கள். எவர்சில்வர் கிண்ணம் சீக்கிரம் சூடேறும். அதே வேகத்தில் ஆறியும் போகும். தின்பதற்கு மண்சட்டியோ பீங்கானோ நல்லது. அதையும் வெந்நீரில் அலசிவிட்டுப் பரிமாறுங்கள். குளிர்ந்த தட்டு ஒன்றே போதும், பத்து நிமிட வேலையை வீணாக்க.

பச்சை ரசம் செய்வது இன்னும் எளிது. பழுத்த தக்காளி 2, மிளகு அரை டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், பூண்டு ஒரு பல், சிறு துண்டு இஞ்சி, மல்லித்தழை. மிக்சியில் அரைத்தால் சுமார் 200 கிராம் விழுது வரும். அறைச்சூட்டில் 20 டிகிரி இருக்கும் விழுதில் அதே 200 மில்லி அளவு 70 டிகிரி நீரைக் கிளறிக்கொண்டே ஊற்றினால் 45க்கு வந்து நிற்கும். உப்பு கடைசியில். இதைச் சாப்பாட்டோடு குடித்துவிட வேண்டும். ஃபிளாஸ்கில் ஊற்றி மாலைவரை வைத்துக் குடிப்பது கூடவே கூடாது. சமைக்காத உணவை 45 டிகிரியில் மணிக்கணக்கில் வைப்பது கிருமிக்குத் தொட்டில் கட்டுவது. இரண்டு மணி நேரமே அதிகம். ஃபிளாஸ்க் வெறும் வெந்நீருக்கு மட்டும்.

தேங்காய்ப்பாலில் குளிர்காலத்தில் வரும் தொல்லை வேறு. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும். குளிர்ந்த நீர் ஊற்றி அரைத்தால் கொழுப்பு மெழுகுத் துணுக்குகளாகத் துருவலிலேயே தங்கிவிடும். பிழிந்தால் வெளுத்த தண்ணீர்தான் வரும், அண்ணத்தில் பிசுபிசுவென்று ஒட்டும். கால் மூடித் துருவலுக்கு முக்கால் டம்ளர் 45 டிகிரி நீர் ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, அரைத்து, துணியில் சூடு ஆறுமுன் பிழியுங்கள். பால் கெட்டியாக வரும். அவல் அதில் ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும்.

இஞ்சி, சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் கதகதப்பைத் தருவது உண்மை. ஆனால் காரம் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி, சில சமயம் வியர்க்கவும் வைக்கிறது. வீட்டுக்குள் இருக்கும்போது இதமாக இருக்கும். மிளகு ரசம் குடித்த கையோடு விடியற்காலைப் பனியில் கோலம் போட உட்கார்ந்தால், வந்த சூடும் போய் உள்ளதும் போகும். வெளியே போவதாக இருந்தால் வயிற்றுக்குள் போக வேண்டியது எள்ளுருண்டை.

தலை, கழுத்து, பாதம் மூன்றையும் மூடுங்கள். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, பருத்தி பனியன் மேல் மெல்லிய கம்பளி, அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் சட்டை என்ற அடுக்கு நன்றாக வேலை செய்யும். இரவில் கால் சில்லிட்டால் 40 டிகிரி நீரில் பத்து நிமிடம் பாதத்தை வைத்துத் துடைத்து உடனே காலுறை போடுங்கள். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் முழங்கையால் சூடு பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும்.

சாப்பிட்டும் குளிர் போகவில்லை என்றால்

தட்டைத் திருத்தி ஒரு மாதமாகியும், எடை நிலையாக இருந்தும் குளிர்ந்தால், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்பு இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு), வைட்டமின் பி12, வைட்டமின் டி. இரும்பு குறைந்தவர்களுக்கும் தைராய்டு மந்தமானவர்களுக்கும் குளிர் தாங்காமை நன்கு அறிந்த அறிகுறி. உப்பை அடியோடு விட்டவர்களுக்கு அயோடினும் சேர்ந்து போய்விடுகிறது. கூடவே தினமும் பச்சை முட்டைக்கோஸ் சாறு குடித்தால் தைராய்டுக்கு இரட்டைச் சுமை.

பி12 எந்தக் கீரையிலும் பழத்திலும் இல்லை. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பதும் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பால்கூடச் சேர்க்காதவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். தினமும் 50 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. கை கால் மரமரப்பு வந்தபின் தொடங்குவது தாமதம்.

இதற்கும் அடங்காத குளிருக்கு, எங்கள் பரிந்துரை இரண்டாவது ஸ்வெட்டர் இல்லை. ஒரு வேளை வெந்த பருப்பும் சோறும். மார்கழியும் தையும் இரண்டு வேளைப் பச்சை, ஒரு வேளை சமையல் என்று ஓட்டிவிட்டு மாசியில் திரும்பலாம்.

பல்: எங்கே கரைகிறது, ஏன் கரைகிறது

மாங்காய் தின்றபின் பல்லை நாக்கால் தடவினால் வழவழப்பு போய்ச் சொரசொரவென்று இருக்கும். அது எல்லாருக்கும் தெரிந்த பல்கூச்சம். மாங்காய்க் காலத்தில் அதோடு முடிந்துவிடும். பச்சை உணவுக்காரருக்கு அது தினமும் நடக்கிறது.

பிஎச் என்பது புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடும். வாயின் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால், பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.6, அன்னாசி, ஆரஞ்சு, திராட்சை எல்லாம் 3இலிருந்து 4ஐ ஒட்டி, தக்காளி 4.3 அளவு, வாழைப்பழம் 5ஐ ஒட்டி. பப்பாளியும் தர்பூசணியும் எல்லைக் கோட்டில். நெல்லிக்காய் எலுமிச்சைக்குப் பங்காளி. நெல்லி தின்று தண்ணீர் குடித்தால் தித்திக்கும். அந்தத் தித்திப்பை நம்பி அமிலம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம்.

இரண்டு விதமாகப் பல் போகிறது. பழ அமிலம் நேரடியாகக் கரைப்பது ஒன்று. இனிப்பை வாய்க்கிருமிகள் தின்று அமிலம் உண்டாக்கிச் சொத்தை விழுவது மற்றொன்று. ஒவ்வொரு முறை வாயில் எதையாவது போட்டதும் பிஎச் சில நிமிடங்களில் இறங்கி, உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரே உட்காரலில் ஆறு பழம் தின்றால் ஒரு சரிவு. மணிக்கொன்றாக ஆறு பழம் தின்றால் ஆறு சரிவு. உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரமே இல்லை. மேலே சொன்ன மூன்று வேளைத் தட்டு பல்லையும் காப்பது இதனால்தான்.

கீசனில் இதற்கும் ஓர் ஆய்வு நடந்தது. பச்சை உணவுக்காரர் 130 பேரின் பல்லைப் பார்த்ததில் 60 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பல்லாவது கடுமையாகக் கரைந்திருந்தது. சாதாரண உணவு உண்டவர்களில் அது 32 சதவீதம்தான். அந்த ஆய்வும் 1999இல் வந்தது.

எனாமலுக்கு உயிரணு இல்லை. எலும்பு உடைந்தால் கூடும், எனாமல் போனால் வளராது. லேசாக இளகியதை உமிழ்நீரின் கால்சியம் இறுக்கித் தரும், அவ்வளவே. நிறைய எள் தின்றால் பல் திரும்ப வளரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எள்ளில் கால்சியம் இருக்கிறது, அது எலும்புக்கு ஆகும்.

பல்லுக்கான ஒழுங்கு

எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த வெந்நீரைக் காலையில் வெறும் வயிற்றில் சிறிது சிறிதாக உறிஞ்சிக் குடிப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். இரவு முழுக்க உமிழ்நீர் குறைந்து காய்ந்திருக்கும் வாயில், பிஎச் 3க்குக் கீழான நீரைக் கால் மணி நேரம் புரட்டுகிறோம். அதில் தேன் வேறு. நெல்லிக்காய்ச் சாற்றுக்கும் ஆப்பிள் சிடர் வினிகருக்கும் இதே கதைதான். விட முடியாதவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி, ஸ்ட்ரா முன்பற்களைத் தாண்டி நாக்கின் மேல் படும்படி வைத்து, ஒரே மூச்சில் குடித்து முடியுங்கள். காலையில் வெறும் வெந்நீர் போதும்.

புளிப்பைத் தட்டின் தொடக்கத்திலோ நடுவிலோ வையுங்கள். முடிவில் இரண்டு துண்டுத் தேங்காயோ ஊறிய கடலையோ மென்று முடியுங்கள். மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், அமிலமும் நீர்க்கும். கேரட்டும் ஆப்பிளும் கடித்தால் பல் சுத்தமாகிவிடும் என்பது வெறும் பேச்சு. ஆப்பிள் அமிலம், ஈறோரத்து அழுக்கை அது தொடுவதே இல்லை.

பேரீச்சை, உலர்திராட்சை, அத்தி மூன்றும் கடைவாய்ப் பள்ளங்களில் அப்பிக்கொண்டு மணிக்கணக்கில் கரையும். தனியாகக் கொறிக்காமல் எள்ளோடு இடித்தோ தேங்காய்ப்பாலில் கரைத்தோ எடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். தூங்கும்போது உமிழ்நீர் ஊறுவது நின்றேபோகும் அளவுக்குக் குறைவதால், படுக்குமுன் தின்ற ஒரு பேரீச்சை விடியும்வரை வேலை செய்யும்.

சாப்பிட்டவுடன் வெதுவெதுப்பான நீரில் கொப்பளியுங்கள். புளிப்பு அதிகமாக இருந்த நாளில் ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்பலாம், அமிலம் அடங்கிவிடும். இந்த நீரை விழுங்க வேண்டாம்.

பலர் ஒழுக்கம் என்று நினைத்துச் செய்யும் தவறு ஒன்று உண்டு: பழம் தின்ற கையோடு அழுத்தித் தேய்ப்பது. இளகிப்போன எனாமலைத் தூரிகை சுரண்டி எடுத்துவிடும். குறைந்தது அரை மணி, கூடுமானால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் துலக்க வேண்டும். காலையில் சாப்பாட்டுக்கு முன்பு துலக்கிவிட்டால் இந்தக் காத்திருப்பே இல்லை. தூரிகை மென்மையானதாக, விரல்நுனியில் பிடித்தபடி, ஈறோரம் சாய்த்து, சிறு வட்டங்களாக இரண்டு நிமிடம். பற்பசையைத் துப்பிவிட்டு உடனே தண்ணீர்விட்டுக் கழுவாதீர்கள். ஃபுளோரைடு பல்லில் தங்க நேரம் வேண்டும்.

ஃபுளோரைடு என்றதும் இயற்கை உணவு வட்டத்தில் முகம் சுளிப்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல் பழுப்பேறியதை எல்லாரும் பார்த்திருப்பதால் அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் குடித்த தண்ணீரால், பல் உருவாகும் வயதில் வருவது. முளைத்து முடிந்த பல்லில் தடவித் துப்பும் பற்பசையால் பெரியவருக்கு அந்தக் கறை வராது. இந்தியாவில் விற்கும் பற்பசையில் ஃபுளோரைடு 10 லட்சத்தில் 1000 பங்கு என்ற உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும். உறையில் 1000 என்று போட்டதையே வாங்குங்கள். சமைத்து உண்பவரைவிட உங்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

உமிக்கரி, செங்கல்பொடி, உப்புத்தூள், சாம்பல் எல்லாம் அரம். நல்ல எனாமலையே தேய்ப்பவை, அமிலத்தில் ஊறியதை விட்டுவைக்குமா? "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் உண்மை இருக்கிறது. குச்சி நுனியை மென்று தூரிகையாக்கி மெதுவாகத் துலக்கினால் அழுக்கு போகும். குறுக்கே இழுத்தால் ஈறு இறங்கும். ஃபுளோரைடு அதில் கிடைக்காது. ஆகவே குச்சி காலையிலும் பற்பசை இரவிலும் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, துலக்குவதற்கு அது மாற்றும் இல்லை. தேங்காய் எண்ணெய் என்றால் தொட்டியில் துப்பாதீர்கள். மேலே சொன்ன 24 டிகிரிக் கணக்கு வடிகுழாய்க்கும் உண்டு. ஒரே மார்கழியில் அடைத்துக்கொள்ளும்.

கரும்பைப் பல்லால் உரிப்பது, ஊறாத பாதாமைக் கடைவாயில் உடைப்பது, தேங்காய் ஓட்டோரத்தைக் கடித்துப் பெயர்ப்பது ஆகியவற்றில் பல் முனை சில்லாகப் பெயரும். கத்தி இருக்கிறது.

கவனிக்க வேண்டிய குறிகள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பகல் வெளிச்சத்தில் அதே சன்னல் ஓரத்தில் நின்று முன்பற்களைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். மேல் முன்பல்லின் கீழ்விளிம்பு நனைந்த கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிறதா, பல்லின் நிறம் முன்னைவிட மஞ்சளாகிறதா என்று பாருங்கள். எனாமலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் அடுக்கான தந்தினி (டென்டின்), எனாமல் மெலிந்ததால்தான் வெளியே தெரிகிறது. வெளுக்கும் பற்பசை போட்டால் இன்னும் மெலியும். கடைவாய்ப் பல்லின் முனைகளில் நாக்கு நுனிக்குத் தட்டுப்படும் சிறு குழிகள், சுற்றிலும் பல் தேய்ந்து மேடாகத் துருத்தும், சொத்தைக்கு வைத்த பழைய அடைப்பு ஆகியவையும் கரைவதன் அடையாளங்கள். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள், கரைதலில் வலி கடைசியாகத்தான் வரும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்களையும், ஒரு வாரம் என்ன தின்றீர்கள், எத்தனை மணிக்குத் தின்றீர்கள் என்று எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். பச்சை உணவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தூக்கத்தில் பல் கடிப்பதாலோ நெஞ்செரிச்சலாலோ தேய்ந்தது என்று அவர் வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.